இரும்பும் பால் குடித்தது!

இரண்டாமாண்டு, மின்னியல் பிரிவு மாணவன்



ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வரலாறு எழுதித் தா என்று மன்றச் செயலாளர் அண்ணன் கேட்டார். ஜி.டி. நாயுடு ஐயாவைப் பற்றி வருஷா வருஷம் யாராவது ஒருவர் எழுதிவிடுகிறார்கள். கலாம் ஐயாவுக்கு இந்த வருஷமும் மூன்று பேர் பேர் கொடுத்தாச்சு. அதனால் நம்ம பக்கத்தில் அவ்வளவாகப் பேசப்படாத, ஆனால் வடக்கே டீக்கடையில் கூட பேர் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொண்டேன். அவர்தான் சுரேந்திர பிரதாப் சிங். சுருக்கமாக எஸ்.பி. சிங். ஹிந்தியில் தொலைக்காட்சிச் செய்தி சொல்லும் முறையையே மாற்றிவிட்டுப் போனவர். 1997-ல் தமது 48-வது வயதில் இறந்தார். நாமெல்லாம் பிறப்பதற்கு ரொம்ப வருஷம் முன்னாடி.

ஹிந்திச் செய்தி வாசித்தவரைப் பற்றி சரவணம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு எழுதுவானேன் என்று கேட்பீர்கள். அவர் டி.வி.யில் சொன்ன ஆயிரக்கணக்கான செய்திகளில் இரண்டு, நம்ம பாடப் புத்தகத்திலேயே இருக்கிற விஷயங்கள். ஒன்று முதல் வருஷ இயற்பியலில் வரும் பரப்பு இழுவிசை. இன்னொன்று டிரான்ஸ்பார்மர். அந்த இரண்டையும் அவர் எப்படிக் கையாண்டார் என்று தெரிந்ததில் இருந்து மனிதர் என் மனசில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு இவரைப் பற்றி முதலில் சொன்னது ஒரு தொழிலாளி. இன்பிளாண்ட் டிரெயினிங்குக்காக கணபதி பக்கம் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனிக்குப் போயிருந்தேன். அங்கே வைண்டிங் பிரிவில் உத்தரப்பிரதேசம் காஜிப்பூர் மாவட்டத்துக்காரர் ஒருவர் இருந்தார். ஐம்பது வயசு இருக்கும். அரைகுறைத் தமிழில் தம்பி தம்பி என்று பிரியமாகப் பேசுவார். டி.வி.யில் செய்தி ஓடும்போதெல்லாம் இதெல்லாம் ஒரு செய்தியா என்று தலையில் அடித்துக்கொண்டு, எங்க ஜில்லாக்காரர் ஒருத்தர் செய்தி சொன்னாருப்பா என்று ஆரம்பிப்பார். அப்புறம்தான் நான் தேடிப் படித்தேன்.

எஸ்.பி. பிறந்தது 1948-ல், அந்தக் காஜிப்பூர் மாவட்டத்து கிராமம் ஒன்றில். வளர்ந்தது வங்காளத்தில். கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் காருலியா என்று ஓர் ஊர். அந்தக் கரை முழுக்க மில்தான். உத்தரப்பிரதேசம், பீகாரிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள் அங்கே ஏராளம். பீளமேடு, சிங்காநல்லூர் மில் பகுதிகளை நினைத்துக்கொள்ளுங்கள், அது மாதிரி. வீட்டில் ஒரு மொழி, தெருவில் வங்காளி, மில் வாசலில் நாலு பாஷை கலந்த ஒரு பேச்சு. பின்னாளில் அவர் செய்தியில் பேசிய ஹிந்திக்கு அந்தத் தெருதான் பள்ளிக்கூடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கல்கத்தா பல்கலைக்கழகத்தில் படித்தார். 1970-களின் தொடக்கத்தில் பம்பாய்க்குப் போய், டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமத்தில் பயிற்சிப் பத்திரிகையாளராகச் சேர்ந்தார். நம்ம பாஷையில் சொன்னால் அப்ரண்டிஸ். அந்தக் குழுமத்தின் ஹிந்தி வார இதழான தர்மயுக் அப்போது வடக்கே வீட்டுக்கு வீடு போய்க்கொண்டிருந்தது. அதன் ஆசிரியர் தர்மவீர் பாரதி, பெரிய எழுத்தாளர், ரொம்பக் கண்டிப்பானவர். அவரிடம்தான் எஸ்.பி. தொழில் பழகினார். அதே காலத்தில் அங்கே பயிற்சியில் இருந்த இன்னொருவர் எம்.ஜே. அக்பர். இந்த நட்பு அடுத்த கட்டத்துக்கு வழி போட்டது. 1977-ல், நெருக்கடி நிலை முடிந்த சமயம், கல்கத்தா ஆனந்த பஜார் நிறுவனம் ரவிவார் என்று ஒரு ஹிந்தி வார இதழ் தொடங்கியது. எஸ்.பி. அதன் ஆசிரியரானார். முப்பது வயதுகூட ஆகவில்லை!

ரவிவார் செய்தது என்ன? நிருபர்களை நாற்காலியை விட்டு எழுப்பி கிராமத்துக்கு அனுப்பியது. அதுவரை ஹிந்திப் பத்திரிகை என்றால் இலக்கியக்காரர்கள் நடத்துவது, இல்லையென்றால் ஆங்கிலச் செய்தியை மொழிபெயர்த்துப் போடுவது என்றே பெரும்பாலும் இருந்தது. பீகாரில் நிலம் இல்லாதவனுக்கு என்ன நடக்கிறது என்பதை நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்று இவர் பிடிவாதமாக நின்றார். வயசில் சின்னப் பையன்களை நம்பிப் பெரிய வேலை கொடுத்தார். இடையில் மிருணாள் சென் எடுத்த ஜெனிசிஸ் என்ற படத்தின் எழுத்து வேலையிலும் பங்கு பெற்றார். 1985-ல் நவபாரத் டைம்ஸ் நாளிதழின் பம்பாய்ப் பதிப்புக்கு ஆசிரியராகப் போய், பிறகு டில்லிக்கு மாறினார்.

டில்லியில் இருந்தபோது நடந்த ஒன்றை நான் விட முடியாது. 1990 ஆகஸ்ட் 7-ம் தேதி பிரதமர் வி.பி. சிங், மண்டல் கமிஷன் பரிந்துரைப்படி பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசு வேலையில் 27 சதவீதம் ஒதுக்கப்படும் என்று அறிவித்தார். வடக்கே தீப்பிடித்தது போல் ஆயிற்று. மாணவர்கள் தீக்குளிக்க முயன்றார்கள். டில்லிப் பத்திரிகைகளில் பெரும்பாலானவை எதிர்த்துத்தான் எழுதின. எஸ்.பி. ஆதரித்தார். அவர் பிறந்த சாதிக்கு அதனால் பத்துப் பைசா லாபம் இல்லை, கூட உட்கார்ந்திருந்த பலருக்குப் பிடிக்கவும் இல்லை. 1921-லேயே வகுப்புவாரி உத்தரவு கண்ட நம்ம மாநிலத்தில் இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் அன்றைய டில்லியில் ஒரு ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து அதைச் சொல்ல தைரியம் வேணும். எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டி காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தேன் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் ஒரு தனி மரியாதை.

இனி டி.வி.க்கு வருவோம். இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-ல் டில்லியில் சோதனை முறையில் ஆரம்பித்தது. 1965-ல்தான் தினசரி ஒளிபரப்பு, அதில் ஐந்து நிமிஷச் செய்தி. சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்டில். அதற்குப் பிறகும் ரொம்ப காலம் செய்தி என்றால் அரசாங்கத்தின் செய்திதான். மந்திரி இன்ன இடத்தில் ரிப்பன் வெட்டினார், இன்ன நாட்டுத் தூதரைச் சந்தித்தார். ஆங்கிலத்தில் எழுதி ஹிந்தியில் பெயர்ப்பார்கள். பெயர்க்கும்போது கனமான சமஸ்கிருதச் சொல்லாகப் பொறுக்கிப் போடுவார்கள். வயலில் இருந்து வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குப் பாதி புரியாது. புரியாதது தன் குறை என்றுதான் அவன் நினைப்பான்.

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வான் அலைகள் பொதுச் சொத்து, அரசாங்கத்தின் ஏகபோகம் அல்ல என்பது அதன் சாரம். அதே வருஷம் தூர்தர்ஷன் தன் இரண்டாவது சேனலான மெட்ரோவில் தனியார் தயாரிக்கும் செய்திக்கு நேரம் ஒதுக்கியது. இந்தியா டுடே குழுமத்துக்கு இரவு 10 மணிக்கு 20 நிமிஷம் கிடைத்தது. ஆங்கிலத்தில் இல்லை, ஹிந்தியில். நிகழ்ச்சிக்குப் பேர் ஆஜ் தக். இன்று வரை என்று அர்த்தம். அதற்குத் தலைமை ஏற்க எஸ்.பி.யைக் கூப்பிட்டார்கள். பேப்பரிலேயே வாழ்ந்த மனிதர். வயசு 46. டி.வி.யில் செய்தி வாசித்துப் பழக்கம் இல்லை. 1995 ஜூலையில் நிகழ்ச்சி ஆரம்பித்தது. அவரே நடத்தினார்.

அன்றைக்குச் செய்தி வாசிப்பவர் என்றால் மழமழவென்று முகம், கணீரென்ற குரல், பிசிறில்லாத உச்சரிப்பு. இவரோ நரைத்த தாடிக்காரர். பக்கத்து வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா என்று சொல்கிற மாதிரி சொன்னார். கடைத்தெருவில் புழங்கும் உருதுச் சொல், ஆங்கிலச் சொல் எல்லாம் தாராளமாக வந்தது. அரசியல்வாதியைப் பற்றிச் சொல்லும்போது உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு இருக்கும். தினமும் முடிக்கும்போது, இன்று வரையிலான செய்தி இவ்வளவுதான், மிச்சத்துக்கு நாளை வரை காத்திருங்கள் என்ற பொருள்பட நிகழ்ச்சியின் பேரை வைத்தே ஒரு வரி சொல்வார். அது வடக்கே பிள்ளைகள் வாயில் விளையாட்டாகப் புழங்கும் அளவுக்குப் பிரபலம். தனியாருக்கு நேரடி ஒளிபரப்பு அனுமதி கிடையாத காலம் அது. டேப்பில் பதிவு செய்து தூர்தர்ஷனுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். இருபதே நிமிஷம் என்பதால் எதைச் சொல்வது, எதை விடுவது என்று ஒவ்வொரு நாளும் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இன்றைக்கு 24 மணி நேரமும் கத்துகிறவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை!

ஆரம்பித்து இரண்டு மாசம்தான் ஆகியிருக்கும். 1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. டில்லியில் ஒரு கோயிலில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று காலையில் பேச்சு கிளம்பியது. மத்தியானத்துக்குள் நாடு முழுக்க, சாயங்காலத்துக்குள் வெளிநாடு வரைக்கும் பரவிவிட்டது. கோயில் வாசல்களில் கிலோமீட்டர் கணக்கில் வரிசை. பல ஊரில் பாலே கிடைக்கவில்லை. ஸ்பூனில் பாலை எடுத்துத் தும்பிக்கைப் பக்கம் வைத்தால் பால் குறைவது உண்மை. கண்ணால் பார்த்தவர்களைப் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

அன்றைக்கு ஆஜ் தக் காட்டியது என்ன தெரியுமா? தெருவோரம் செருப்பு தைக்கிற ஒருவர். அவர் முன்னால் செருப்பை மாட்டி ஆணி அடிப்பதற்கு ஒரு மூன்று கால் இரும்பு இருக்குமே, அது. அந்த இரும்புக்கு ஸ்பூனில் பால் ஊட்டினார்கள். அதுவும் குடித்தது!

நண்பர்களே, இதுதான் செய்தி. யாரையும் முட்டாள் என்று திட்டவில்லை. சாமி இல்லை என்று பிரசங்கம் பண்ணவில்லை. இரும்பும் குடிக்கிறது, பாருங்கள், அவ்வளவுதான். நமக்கு விஷயம் தெரியும். ஸ்பூனில் தளும்ப நிற்கும் பால் பரப்பு இழுவிசையால் மேலே குவிந்து நிற்கிறது. கல்லோ உலோகமோ அதன் விளிம்பைத் தொட்டவுடன் ஒட்டிக்கொண்டு அதன் மேல் மெல்லிய படலமாகப் பரவி வழிகிறது. வெள்ளைச் சிலையில் வெள்ளைப் பால் வழிவது கண்ணுக்குத் தெரியாது. மத்திய அரசின் விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து ஊட்டி, அது சிலை மேல் வழிந்து இறங்குவதைக் காட்டினார்கள். நாம் இதே பரப்பு இழுவிசைக்கு இரண்டு மார்க் கேள்வி எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். அந்தச் செருப்பு தைப்பவரின் இரும்பைப் பார்த்தவன் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான். இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். எத்தனையோ இரும்பு இருக்க, அந்த இரும்பை எடுத்தது சும்மா இல்லை என்று நான் நினைக்கிறேன். அந்த மனிதரை எந்தக் கோயில் வரிசையில் எங்கே நிற்க வைப்பார்கள் என்று எஸ்.பி.க்குத் தெரியாதா?

பாஷை விஷயத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்க அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். ஒரு நாள் டிரான்ஸ்பார்மர்னா என்னடா சாமி பண்ணும் என்று கேட்டார். நான் வைவாவில் சொல்கிற மாதிரி மியூச்சுவல் இண்டக்சன், பிரைமரி, செகண்டரி என்று அடுக்கினேன். அப்பா தலையை ஆட்டிவிட்டு தறிக்குப் போய்விட்டார். தறி மோட்டார் முப்பது வருஷமாக அவர் கையில் ஓடுகிறது, ஒரு பேஸ் போனால் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார். அவருக்கு நான் சொன்னது விளங்கவில்லை. எஸ்.பி.யைப் பற்றிப் படித்தபோது அந்தக் கயிற்றுக் கட்டில்காரர் இடத்தில் எனக்கு அப்பாதான் தெரிந்தார். எளிமையாகப் பேசினால் தரம் குறைந்துவிடும் என்று எஸ்.பி.யிடம் சொன்னவர்கள் நிறையப் பேர். அவர் கேட்கவில்லை. பார்ப்பவர்கள் கூடினார்களே ஒழியக் குறையவில்லை. மெட்ரோ சேனலில் அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சிகளில் ஆஜ் தக் ஒன்றாயிற்று.

இப்போது டிரான்ஸ்பார்மர். இதைத்தான் மின்னியல் பிரிவு நண்பர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும்.

1997 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. தெற்கு டில்லி கிரீன் பார்க்கில் உபஹார் என்று ஒரு சினிமா தியேட்டர். பார்டர் என்ற படம் அன்றைக்குத்தான் ரிலீஸ். தியேட்டரின் தரைத்தளத்தில் கார் நிறுத்தும் இடம். அதன் பக்கத்திலேயே டில்லி மின்வாரியத்தின் 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர். காலை ஏழு மணி வாக்கில் அதில் ஒரு முறை தீப்பிடித்து அணைத்தார்கள். வாரிய ஆட்கள் வந்து பி பேஸில் எரிந்துபோன இரண்டு கேபிள் முனைகளுக்கு லக் மாற்றினார்கள். கிரிம்பிங் மிஷின் இல்லை. டையும் சுத்தியலும் வைத்து அடித்து விட்டார்கள். பதினொன்றரை மணிக்குள் சப்ளை கொடுத்தாச்சு.

லூஸ் கனெக்சன் என்ன செய்யும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகல் முழுக்க லோடு ஏற ஏற அந்த இடத்தில் பொறி. சாயங்காலம் ஒரு கேபிள் கழன்று தொங்கி, ரேடியேட்டர் பின் மேல் உரசி, ஆர்க் அடித்து, தகட்டில் ஓட்டை போட்டது. எண்ணெய் வழிந்தது. 4.55 மணிக்குத் தீப்பிடித்தது. டிரிப் ஆக வேண்டிய பாதுகாப்பு ரிலே அங்கே இல்லை. எண்ணெய் தேங்க குழியும் இல்லை, அது கார்கள் நின்ற பக்கம் ஓடியது. தீ மேலே வரவில்லை. புகைதான் மாடிப்படி வழியாக பால்கனிக்கு ஏறியது. பால்கனியில் கூடுதல் நாற்காலி போடுவதற்காக ஒரு பக்க வழியையே அடைத்திருந்தார்கள். கதவுகள் தாழிட்டிருந்தன. எமர்ஜென்சி லைட் இல்லை, ஓடுங்கள் என்று மைக்கில் சொல்ல ஆள் இல்லை. 59 பேர் செத்தார்கள். 103 பேருக்குக் காயம். செத்தவர்களில் பெரும்பாலானோர் மூச்சு முட்டிச் செத்தவர்கள். குழந்தைகளும் உண்டு.

இத்தனை விவரமும் பின்னால் விசாரணையிலும் கோர்ட்டிலும் வெளிவந்தது. அன்றைக்கு ஆஜ் தக் நிருபர்களுக்குக் கிடைத்தது ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பெற்றோர்களின் முகம்தான். மேட்டினி ஷோவுக்குக் காசு கொடுத்து அனுப்பிய பிள்ளையைப் பிணவறையில் தேடுகிறவர்கள். எஸ்.பி. அந்தச் செய்தியைச் சொன்னார். எதற்கும் அசையாமல் நிதானமாகப் பேசுகிறவர் அன்று கலங்கியிருந்தது முகத்திலேயே தெரிந்தது என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். விபத்து என்று சொல்லி முடித்துவிடாமல், யார் கவனக்குறைவு என்ற கேள்வியை அவர் விடவில்லை.

மூன்றாம் நாள், ஜூன் 16 திங்கட்கிழமை, மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பவே இல்லை. ஜூன் 27-ம் தேதி உயிர் போயிற்று. உபஹார்தான் அவரைக் கொன்றது என்று உருக்கமாகச் சொல்கிறவர்கள் உண்டு. ஓய்வில்லாத உழைப்பும் வேலை அழுத்தமும் எத்தனை நாளாக உள்ளே அரித்ததோ, ஒரு செய்தியின் மேல் பழியைப் போடுவது சரியில்லை என்பது என் கருத்து. ஆனால் அவர் கடைசியாகச் சொன்ன பெரிய செய்தி அதுதான் என்பது நிஜம்.

ஆஜ் தக்கில் அவர் இருந்தது இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவுதாங்க! அந்த 20 நிமிஷ நிகழ்ச்சி 2000 டிசம்பர் 31 அன்று 24 மணி நேரச் சேனலாக மாறியது. அவரிடம் வேலை பழகிய இளைஞர்கள் பலர் பின்னாளில் ஹிந்திச் சேனல்களில் ஆசிரியர்களாக வந்தார்கள். அவர்களில் சிலர் அவர் பழக்கிய எளிய பேச்சை எடுத்துக்கொண்டு, அவர் பால் குடித்த இரும்பைக் காட்டிய அந்த மூளையை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று வடக்கத்திப் பத்திரிகைக்காரர்களே குறைப்பட்டுக்கொள்கிறார்கள். பேய், பிசாசு, ஜோசியம் எல்லாம் செய்தியில் ஓடிய ஒரு காலமும் அங்கே வந்துபோனது.

உபஹார் வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. செத்த பிள்ளைகளின் பெற்றோர் சங்கம் அமைத்துக்கொண்டு கோர்ட்டு படி ஏறி ஏறித் தேய்ந்தார்கள். தியேட்டர் முதலாளிகளோடு லக்கைச் சுத்தியலால் அடித்த மின்வாரிய ஊழியர்களும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். 2015-ல் உச்ச நீதிமன்றம் தியேட்டர் முதலாளிகளான சகோதரர் இருவருக்கும் ஆளுக்கு 30 கோடி ரூபாய் அபராதம் போட்டது. தியேட்டருக்கு அருகிலேயே இறந்தவர்களுக்காக ஒரு சிறு நினைவுத் தோட்டம் இருக்கிறது.

நம்ம லேபில் கிரிம்பிங் டூல் இடது பக்க அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. பூட்டியிருந்தால் லேப் அசிஸ்டன்ட் அண்ணனிடம் கேட்டால் சாவி கொடுப்பார்.